ஆர்கிரோவின் கட்டைவிரல்

ஆர்கிரோவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். என் மகனுக்கு ஞானத்தாய் அவள். எங்கள் கிரீட் தீவில் அந்த உறவு கூடப் பிறந்தவளுக்கும் ஒரு படி மேல். அதனால் அவளைத் திட்ட எனக்கு முழு உரிமை உண்டு.

ஹானியாவுக்கு வெளியே, ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே இருந்த கொசு ஆய்வுக்கூடத்தில் இருவரும் வேலை பார்த்தோம். எனக்குக் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை, அவளுக்குக் கொசு வளர்க்கும் வேலை. தட்டுத் தண்ணீரில் நெளியும் புழுக்களுக்கு மீன் தீவனம் தூவுவாள். கூண்டுக்குள் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு வைப்பாள். முட்டையிட ரத்தம் வேண்டுமே, அதற்கு வலைக்கூண்டின் மேல் தன் முன்கையை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிடுவாள். ரத்தத்தைச் சூடாக்கி ஊட்டும் கருவி ஒன்று உண்டு. இவள் வளர்த்த கொசுக்கள் அதைச் சீண்டவே சீண்டாது. "என் பிள்ளைங்களுக்கு ஓட்டல் சாப்பாடு இறங்காது" என்று அதிலும் ஒரு பெருமை.

அந்தக் கோடையில் எங்கள் டாக்டர் வர்தாகிஸ் லைசோசைமைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். கொசு ரத்தம் குடித்ததும் அதன் வயிற்றில் கிருமிகள் மளமளவென்று பெருகும். உடனே கொசு லைசோசைம் என்ற நொதியைச் சுரந்து, அந்தக் கிருமிகளின் சுவரையே உடைத்துப்போடும். எவ்வளவு சுரக்கிறது என்று பார்ப்பதுதான் சோதனை. ஆகவே கை கொடுக்கிறவர் கிருமிக்கொல்லி மாத்திரை சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் ரத்தத்தோடு மருந்தும் உள்ளே போய்க் கிருமிகளைக் கொன்றுவிடும். கிருமி இல்லாத வயிற்றில் கொசு எதற்காகச் சுரக்கப்போகிறது?

மாதா திருநாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, சூப்புக்கு மீன் கழுவும்போது ஆர்கிரோவின் இடது கட்டைவிரலில் முள் ஏறியது. மறுநாள் விரல் கத்திரிக்காய் போல வீங்கிவிட்டது. சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்து உடனே ஆரம்பிக்கச் சொன்னார்கள். மகராசி அதை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். விரலில் ராக்கி சாராயத்தை ஊற்றித் துணியைச் சுற்றிக்கொண்டு, வலது கையைக் கூண்டின் மேல் வைத்தாள்.

வாடையை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. "காலங்காத்தாலயே ஏத்திட்டு வந்துட்டியாடி?" என்று கேலி செய்துகொண்டே துணியை அவிழ்த்தேன். விரலிலிருந்து ஒரு சிவப்புக் கோடு மணிக்கட்டைத் தாண்டி மேலே ஏறியிருந்தது.

"மாத்திரை எங்கடி?"

"பையில இருக்கு."

"பையில இருந்தா விரல் ஆறிடுமா? முழுங்குடி முதல்ல!"

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் சோதனை, கரிஃபாலியா. இப்ப முழுங்கினா அதுங்க வயித்துல இருக்கறதெல்லாம் செத்துடும்."

"கை போயிடும்டி, பைத்தியக்காரி!"

"கத்தாத. டாக்டருக்குக் கேக்கும்."

கேட்டது. வந்தார். நான் அவிழ்த்துப் போட்ட துணியையும் அந்த விரலையும் பார்த்தார். பார்த்துவிட்டு அந்த மனிதர் கேட்ட ஒரே கேள்வி: "மாத்திரை ஒண்ணும் போடலையே, ஆர்கிரோ?"

"இல்ல டாக்டர்."

"ரொம்ப நல்லது" என்று போய்விட்டார்.

இதை எழுதும்போதே எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. கொசு வயிற்றுக் கிருமி சாகக் கூடாதென்று இவள் தன் கைக்குள் கிருமியை வளர்த்தாள். உலகத்தில் வேறு எங்கே, வேறு எந்தத் தொழிலில் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்ய முடியும்? வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் கொசு அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை மதியம் உடம்பெல்லாம் நடுங்கி, கூண்டின் பக்கத்திலேயே விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டைவிரலை அடியோடு எடுத்தார்கள். உள்ளங்கையிலும் ஒரு துண்டு போயிற்று. உயிர் தங்கியதே பெரிது என்றார்கள்.

காய்ச்சல் இறங்கியபின் வர்தாகிஸ் இனிப்புப் பெட்டியும் கையுமாக வந்தார். "வியாழன் வரைக்கும் எடுத்த அளவே போதும் ஆர்கிரோ. நொதி அப்படி ஏறியிருக்கு!" என்று முகமெல்லாம் பல்லாகச் சொன்னார்.

அவள் கேட்டது வேறு. "பிள்ளைங்களுக்கு இப்ப யாரு கை குடுக்கறாங்க?"

"அதான் பிரச்சனை. ஒருத்திக்குக் கடிச்சா தடிச்சுப் போகுதாம், ஒருத்தன் பிடிக்கலைங்கறான்."

"நீங்க குடுக்கலாமே, டாக்டர்?"

"நானா? எனக்குத் திங்கட்கிழமையிலேருந்து ஈறு வீக்கம். அன்னிக்கே மாத்திரை ஆரம்பிச்சுட்டேன். இதையெல்லாம் தள்ளிப்போட்டா ஆபத்தும்மா."

சத்தியமாக, அவர் அதைக் கூச்சமே இல்லாமல் சொன்னார். ஆர்கிரோ கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள். அவள் முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததே இல்லை.

"கரிஃபாலியா, போய் எல்லாக் கூண்டையும் ஃப்ரீசர்ல வை."

"ஆர்கிரோ! எத்தனை வருஷமா வளர்த்த வம்சம் அது!" என்று அவர் பதறினார்.

"என் ரத்தத்துல வளர்ந்தது. நான் சொல்றேன், வைடி."

நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். வர்தாகிஸ் எனக்கு முன்னால் காரில் வந்து, கொசு அறை வாசலை மறித்து நின்றார். "சட்டையை மடிச்சுட்டுக் கையை வைங்க டாக்டர், நான் திரும்பிப் போயிடறேன்" என்றேன். தன் சட்டைக் கையைப் பார்த்தார், என்னை முறைத்தார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார்.