ஏரிக்கரையில் வைத்த பாக்ஸ்

கிராம சபைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பருத்திக் காட்டிலிருந்து நேராக வந்த ஒரு பெண் மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தாள். ஊராட்சித் தலைவர் என்னைப் பார்த்து, மைக்கை நிறுத்து என்று கையைக் காட்டினார். ஆம்ப்ளிஃபயர் என் முன்னால் இருந்தது. என் விரல் அதன் திருகின்மேல் இருந்தது. மைக்செட்காரனுக்கு இதுபோல ஒரு நேரம் எப்போதாவது வரும். எனக்கு அன்றைக்கு வந்தது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனராக இருந்தேன். போர்வெல் வண்டியில் ஏறி வடக்கே போனேன். விஜயவாடா பக்கம் பரோட்டாக் கடையில் மாவு பிசைந்தேன். ஆலத்தியூரில் சிமெண்ட் மூட்டை ஏற்றித் தோளில் தோல் உரிந்தது. போர்வெல்லில் பட்டினி கிடந்த நாளும் உண்டு. ஆனால் கஷ்டத்துக்காக எந்த வேலையையும் விடவில்லை. ஒரே இடத்தில் இருக்க முடியாமல்தான் விட்டேன். மைக்செட்டில் இன்றைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர். அதனால் இதில் மட்டும் தங்கிவிட்டேன்.

தொழில் கற்றுக்கொடுத்தவர் பெரம்பலூரில் செட் வைத்திருந்த என் முதலாளி. முதல் நாளே சொன்னார்: "பாட்டு யாரு வேணாலும் போடுவான். ஊருக்குள்ள போனதும் ஒரு சுத்து சுத்தி வா. சனம் எங்க இருக்கு, காத்து எந்தப் பக்கம் போவுதுன்னு பாரு. அப்பறம் கட்டு." அப்போது கூம்புக் குழாய். இப்போது அதற்குத் தடை, எல்லாம் பாக்ஸ் ஸ்பீக்கர். ஆனால் ஊரைச் சுற்றிப் பார்க்கும் பழக்கம் எனக்குப் போகவில்லை.

1. களத்தில் கேட்டது

நான் சொல்லும் ஊர் ஆலத்தியூருக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிறது. பெயர் வேண்டாம். மாசி மாதம். மக்காச்சோளம் ஒடித்து முடிந்து, பருத்தி எடுப்பு நடந்துகொண்டிருந்தது. மெயின் ரோட்டை ஒட்டிச் சிமெண்டுத் தளம் போட்ட ஊர்ப் பொதுக்களம். அதன் பக்கத்தில்தான் பந்தல். தூணில் ஒயரைக் கட்டிக்கொண்டிருந்தபோது, களத்தில் சோளத்தைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைக் கூப்பிட்டாள். பெயர் தனம். குத்தகைக்கு நிலம் பிடித்துச் சோளம் போட்டிருந்தாள்.

"மைக்செட்டண்ணே, கூட்டம் எத்தன மணிக்கு?"

"பதினோரு மணிங்கறாங்க."

"நாங்க பருத்தி எடுக்கப் போவணும். இன்னைக்கி வுட்டா காட்டுக்காரரு வேற ஆள வச்சிடுவாரு. ஏரிக்கு அந்தாண்டதான் இருப்போம். அங்க கேக்குறாப்ல ஒரு பொட்டி வச்சிடுண்ணே."

"வேல செய்யறப்ப பாட்டுக் கேக்கணுமா?"

"பாட்டு யாருக்கு வேணும்? இந்தக் களத்த என்ன பண்ணப் போறாங்கன்னு காதால கேக்கணும்."

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. களத்துக்குப் பின்னால் இருந்த தரிசை ஒரு ஷூ கம்பெனி வாங்கியிருந்தது. ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் ஆலை வரப்போகிறது. மெயின் ரோட்டிலிருந்து ஆலைக்கு வழி வேண்டும். கிட்டத்து வழி, களத்தின்மேல் போவது. அந்த ரோட்டை ஊராட்சியே போட்டுத் தரவேண்டும் என்று கம்பெனி கேட்டது. ஊராட்சியிடம், சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து வந்த பங்குப் பணம் இருந்தது. களத்துக்குக் கூரை போட என்று எடுத்துவைத்தது அது. அன்றைய கூட்டத்தில் அந்தத் தீர்மானம் நிறைவேறினால் களமும் போகும், கூரைப் பணமும் போகும். சொந்த நிலம் உள்ளவர்கள் தங்கள் அகலமான வீட்டு வாசலில் சோளத்தைக் காயவைத்துக்கொள்வார்கள். தனம் போன்றவர்களுக்கு வேறு இடமில்லை.

ஏரிக்கரை வரைக்கும் ஒயர் இழுத்து, ஒரு வேலமரத்தடியில் பாக்ஸை வைத்தேன். தலைவர் பைக்கை நிறுத்திப் பார்த்தார்.

"என்னண்ணே, கொக்குக்கா கூட்டம் போடுறோம்?"

"ஒயரு மிச்சம் இருந்துச்சுங்க."

"அதுக்குத் தனியா காசு கேக்கக் கூடாது, ஆமா" என்று சிரித்துக்கொண்டே போனார்.

2. வாத்தியார் கப்பல் ஏறியது

தலைவர் கெட்டவர் இல்லை. அன்றைக்கு அவர் பேசியது மனதிலிருந்துதான் வந்தது. "நம்மூட்டுப் பொண்ணுங்க விடியறதுக்கு முன்ன கம்பெனி பஸ்ஸப் புடிச்சி பெரம்பலூர் தாண்டிப் போவுதுங்க. இருட்டுனப்பறம் வருதுங்க. வேல நம்மூரத் தேடி வருது. ஒரு ரோடு குடுக்க யோசிச்சா எப்படி?" என்றார். கூட்டத்தில் பாதிப் பேர் கை தட்டினார்கள்.

கம்பெனி மேனேஜர் இளைஞர். கோயம்புத்தூர்க்காரர் போலப் பேசினார். "இது பெரிய முதலீடுங்க. நீங்க வழி குடுங்க, நாங்க வேலை குடுக்கறோம்" என்றார்.

அடுத்து சூசை வாத்தியார் எழுந்தார். ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து இந்த ஊரில் வீடு கட்டியவர், சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். "ரெண்டாவது உலகச் சண்ட முடிஞ்சப்ப இங்கிலாந்துல..." என்று தொடங்கினார்.

"வாத்தியார் கப்பல் ஏறிட்டாருப்பா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்த, பந்தலே சிரித்தது.

வாத்தியார் கோபப்படவில்லை. "ஒரு நிமிஷத்துல எறங்கிடறேன். செயிச்ச நாடுதான், ஆனா கஜானா காலி. கடன் வாங்கித்தான் காலம் தள்ளுனாங்க. ரொட்டிக்குக்கூட ரேஷன். அவங்க பார்லிமெண்ட்லயும் இதே பேச்சுதான். இருக்கிற காசுல ஆலைக்கு மெஷின் வாங்குறதா, சனத்துக்கு வூடு கட்டுறதா? ஆலை ஓடுனாத்தான் வூடும்பாரு ஒருத்தரு. வூடு இல்லாதவன் ஆலைக்கு எப்படி வருவாம்பாரு இன்னொருத்தரு."

"கடைசியா என்னா பண்ணாங்க சார்?" என்று தலைவர் கேட்டார்.

"ரெண்டையும் கொஞ்சங் கொஞ்சம் பண்ணாங்க. சண்டையும் நிக்கல. ஆனா செலவு என்ன, யாரு தலையில வுழுதுன்னு சபையில வச்சித்தான் சண்ட போட்டாங்க. நீங்களும் அதச் சொல்லுங்க. ரோடு போட்டா கூரைக்கு மிச்சம் இருக்குமா?"

தலைவர் ஊராட்சிச் செயலரைப் பார்த்தார். செயலர் இல்லை என்று தலையாட்டினார். மேனேஜர் உதவிக்கு வருவதாக நினைத்து மைக்கை வாங்கினார். "களத்தப் பத்திக் கவலையே வேண்டாங்க. இன்னும் அஞ்சு வருஷத்துல இங்க யாரும் சோளம் போட மாட்டீங்க. எல்லாரும் நம்ம கம்பெனிக்கு வந்துருவீங்க."

ஏரிக்குப் போன சத்தம் எப்போதும் கொஞ்சம் பிந்தித் திரும்பி வரும். "வந்துருவீங்க" என்று ஏரியும் சொன்னது. சற்று நேரத்தில் கரைமேல் ஒரு தலை தெரிந்தது. பிறகு நாலைந்து தலைகள். பிறகு ஒரு வரிசை.

3. இரண்டு லைன்

தனம் மட்டும் பந்தலுக்குள் வந்தாள். இடுப்பில் மடி கட்டியபடியே வந்தாள். மடி நிறையப் பருத்தி. நடக்க நடக்கக் கீழே உதிர்ந்தது. மேனேஜர் தானாகவே மைக்கைக் கொடுத்துவிட்டார்.

"தம்பி, எம் பொண்ணு கவிதா ரெண்டு வருஷமா ஷூ கம்பெனிக்குத்தான் போறா. நம்மூர்ல கம்பெனி வந்தா எனக்குத்தான் மொத சந்தோஷம். ஆனா அவ சம்பளமும் எஞ் சோளமும் சேந்தாத்தான் எங்க வூட்டுல ஒல கொதிக்கும். ஒண்ணக் காட்டி ஒண்ணப் புடுங்காதீங்க."

"யக்கா, வேற வழி இல்லாமத்தான..." என்றார் தலைவர்.

"வடக்கால வண்டிப்பாதை என்னாச்சு? எங்கப்பன் அதுலதான் வண்டி ஓட்டுனாரு."

"நடுவுல ஓடை கெடக்குதுக்கா. பாலம் கட்டணும்."

"கட்டச் சொல்லுங்க."

மேனேஜர் மைக் இல்லாமலே சொன்னார். "பாலத்துக்கு எங்க பட்ஜெட்ல எடமில்லம்மா."

"எங்க பட்ஜெட்லயுந்தான் எடமில்ல!"

பந்தல் அதிர்ந்தது. விசில் பறந்தது. அப்போதுதான் தலைவர் எனக்குக் கையைக் காட்டினார்.

அந்த ஊராட்சியின் எல்லா விசேஷத்துக்கும் நான்தான் செட் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் பேச்சை மீறினால் அந்த ஊர் வேலையே எனக்குப் போய்விடும். நிறுத்தினாலோ, கரையில் நிற்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. காட்டை விட்டு வந்தால் அவர்களுக்குக் கூலி போகும், ஆகவே கரையோடு நின்றுவிட்டார்கள். என் ஆம்ப்ளிஃபயரில் பந்தலுக்கு ஒரு லைன், ஏரிக்கு ஒரு லைன் தனித்தனியாக இருந்தது. பந்தல் லைனை மட்டும் இறக்கினேன். தனத்தின் குரலுக்குப் பந்தலில் மைக்கே தேவையில்லை. தலைவர் பாக்ஸ் அடங்கியதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

தனம் விடவில்லை. "பாலத்த அவங்க கட்டட்டும். கிராவல நாம கொட்டுவோம். கூரக் காசத் தொடாதீங்க" என்றாள். "தொடாதீங்க" என்று ஏரி திருப்பிச் சொன்னது. தலைவர் ஏரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒயரைப் பார்த்தேன்.

கை தூக்கச் சொன்னபோது கரையிலும் கைகள் எழுந்தன. பந்தலுக்கு வெளியே இருப்பவர்களைச் சேர்க்க முடியாது என்றார் செயலர். "அப்ப உள்ள வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க. அவங்களும் இந்த ஊரு ஓட்டுத்தான்" என்றார் வாத்தியார். கூலி போனாலும் போகட்டும் என்று மடியோடு வந்து, வரிசையில் நின்று போட்டார்கள். வண்டிப்பாதை வழியாக ரோடு, பாலம் கம்பெனி செலவு, கூரைப் பணம் கூரைக்கே என்று தீர்மானம் ஆனது. மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகக் காரில் ஏறிப் போனார் மேனேஜர்.

4. அதற்குப் பிறகு

வெகு நாள் பதில் வரவில்லை. வந்த கம்பெனியைத் துரத்திவிட்டாள் என்று தனத்தை ஊரே பேசியது. ஒரு நாள் டீக்கடையில் பார்த்தபோது அவளே சொன்னாள்: "எம் மவளே பேச மாட்டேங்கறாண்ணே. தட்டுல சோத்தப் போட்டா எடுத்துக்கிட்டுத் தனியாப் போய் ஒக்காந்துக்கறா. நான் செஞ்சது தப்பாண்ணே?" டீ மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

எனக்கும் அந்த ஊரிலிருந்து அழைப்பு நின்றது. நான் விக்கிரமங்கலம், ரஞ்சன்குடி என்று வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தேன்.

பிறகு கம்பெனி இறங்கி வந்தது. பாலத்தில் பாதிச் செலவை ஏற்றுக்கொண்டது. மீதிப் பாதிக்குக் கூரைப் பணத்தில் கை வைக்க வேண்டியதாயிற்று. அதனால் களத்தில் பாதிக்குத்தான் கூரை. மழை வந்தால் யார் சோளம் உள்ளே, யார் சோளம் வெளியே என்று இப்போதும் சண்டை நடக்கிறது. பாலம் ஒடுக்கம், பஸ் திரும்பாது. உள்ளூர் ஆலையில் சேர்ந்துவிட்ட கவிதா, அதன் வாசலுக்கு மற்ற பெண்களோடு நடந்துதான் போகிறாள். வெளிச்சத்தில் போய் வெளிச்சத்தில் வருகிறாள். தாயும் மகளும் பேசிக்கொள்கிறார்கள்.

ஒரு நாள் தலைவரே போன் செய்தார். அடுத்த கிராம சபைக்கு செட் வேண்டும் என்றார். பந்தலுக்கு மட்டும் போதுமான சாமான் எடுத்துக்கொண்டு போனேன். இறக்கும்போது வந்து பார்த்தார்.

"ஏரிக்கு ஒயரு எங்கண்ணே?"

"வேணாம்பீங்கன்னு கொண்டாரலைங்க."

"போயி எடுத்துட்டு வாங்க. அது இல்லன்னா சாயந்திரம் அத்தன பேரும் என் வூட்டு வாசல்ல வந்து நின்னு, மொதல்லேருந்து சொல்லுங்கறாங்க. தொண்ட போவுது எனக்கு."

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் நல்ல ஆம்ப்ளிஃபயர் எது, நல்ல மைக் எது என்று என்னிடம் கேட்பார்கள். அதெல்லாம் கடைக்காரனே சொல்வான். நான் சொல்வது இவ்வளவுதான்: ஊருக்குள் போனதும் பந்தலைப் பார்க்காதீர்கள். அன்றைக்குப் பந்தலுக்கு வர முடியாதவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த இடம் வரைக்கும் எட்டுகிற ஒயர் கையில் இருக்கட்டும்.