சிவப்புக் கயிறு கட்டிய கை

பத்து மாவுங் என்ற ஊரின் படகுத்துறையில் காலை ஏழு மணிக்கு ஒரு வாடை வரும்... முந்தின நாள் மீனும் டீசலும் கலந்த வாடை. இன்றைக்கும் எங்கேயாவது அது மூக்கில் பட்டால், என் ஆள்காட்டி விரல் ஷட்டரை அழுத்துவதுபோலத் தானாக மடங்கும்.

பன்னிரண்டு வருஷம் இருக்கும். நானும் தேவியும் பாயான் லெப்பாஸில் ஒரே தொழிற்சாலை, ஒரே லைன். வாரம் முழுக்க மைக்ராஸ்கோப்பில் சிப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போகும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்தக் கண்ணுக்குத் தூரத்தில் பறக்கிற எதையாவது காட்ட வேண்டும் எங்களுக்கு.

கேமரா என்னுடையது. நீள லென்ஸ் அவளுடையது, அவள் மாமா பழசாகக் கொடுத்தது. தனித்தனியாக இரண்டும் ஒன்றுக்கும் உதவாது. அதனால் ஒரே மோட்டார் சைக்கிளில், நடுவில் டிரைபாடை அணைத்துக்கொண்டு போவோம். தே ஓ ஐஸ், அதாவது பால் கலக்காத ஐஸ் டீ, வாங்கிய பையை டிரைபாடிலேயே தொங்கவிடுவோம். காற்றில் ஆடாமல் இருக்க அதுவும் ஒரு எடை!

ஆளுக்குப் பதினைந்து நிமிஷம் முறை. ஒருத்தி எடுக்கும்போது மற்றவள் வானத்தைப் பார்த்துக் கத்த வேண்டும். "லெஃப்ட்டு! லெஃப்ட்டு! ஐயோ, போச்சுலா..."

எல்லாப் படமும் ஒரே கார்டில் விழும். எது யாருடையது என்று சண்டை வரக்கூடாது அல்லவா? அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தோம். முறை மாறியதும் லென்ஸுக்கு முன்னால் தன் கையை நீட்டி ஒரு படம் எடுக்க வேண்டும். அடுத்த கை வரும்வரை எல்லாம் அவளுடையது. அந்த லென்ஸ் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாது, கை மங்கலாகத்தான் விழும். கறுப்பு தெரிந்தால் என் வாட்ச். சிவப்பு தெரிந்தால் தேவி கட்டியிருந்த கோயில் கயிறு.

நான் சொல்லவந்த அந்த வாரம்தான் தொழிற்சாலை பஸ்ஸில் மேனுவலைப் படித்து, ஒரே அழுத்தலில் படபடவென்று பல படம் எடுக்கும் வித்தையை அவள் கண்டுபிடித்திருந்தாள். ஞாயிறு காலை, என் முறை. கடல் கழுகு இரண்டு தரம் தாழ்ந்து வந்தது, இரண்டு தரமும் எடுத்தேன். அப்புறம் ஐஸ் கரைகிறதே என்று பையை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பினேன்...

"கவி, வருது! தள்ளு, தள்ளு!"

தேவி என்னை இடித்துக்கொண்டு கேமராவைப் பிடித்தாள். கழுகு தண்ணீரைத் தொட்டது, மீனோடு எழுந்தது. எல்லாம் மூன்று நொடி. அதற்கப்புறம் இரண்டு பேரும் குதித்த குதியில் தே ஓ கொட்டியதுதான் எனக்கு ஞாபகம்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். மீனைக் கவ்விய அந்த ஒரு படம்! சிறகு முழுக்க விரிந்து, துளித்துளியாகத் தண்ணீர் சிதறி... அதற்கு மேல் நான் எதையும் பார்க்கவில்லை.

மூன்றாவது தரம் கேமராவைப் பிடித்திருந்தது அவள்தானே, இது அப்போது விழுந்த படமோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. இல்லை என்றால் பொய். ஆனால் கறுப்பு வாட்ச் கைக்குப் பிறகுதானே வருகிறது, வழக்கம் என்றால் வழக்கம்தானே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். எங்கள் போட்டோகிராஃபி குரூப்பில் என் பெயரில் போட்டேன். ஒரே பாராட்டு மழை. தேவியும் எழுதினாள்: "சூப்பர்லா கவி!"

அடுத்த வருஷம் அந்தப் படம் தொழிற்சாலை காலண்டரில் என் பெயரோடு வந்தது. டத்தோ கிராமாட்டில் இருக்கிற எங்கள் வீட்டு ஹாலில் அப்பா அதை மாட்டினார். வருஷம் முடிந்தும் கழற்றவில்லை, வருகிறவர்களுக்கெல்லாம் "எங்க புள்ள எடுத்தது" என்று காட்டுவார். நானும் பக்கத்தில் நின்று சிரிப்பேன்.

தேவி வருவது குறைந்தது. "வீட்டுல வேலைலா." "தலவலிலா." பிறகு கல்யாணமாகி சுங்கை பட்டாணிக்குப் போய்விட்டாள். பொறாமை பிடித்தவள் என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

போன வாரம் புதுக் கேமரா வாங்கினேன். படங்களுக்கு இடம் வேண்டுமே என்று பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தபோது அந்த ஞாயிற்றுக்கிழமை கண்ணில் பட்டது. முதல் தடவையாகக் கடைசிவரை பார்த்தேன்.

கழுகு தூரத்தில் புள்ளியாகிப் போன பிறகு, இன்னும் ஒரு படம். மங்கலான ஒரு கை. மணிக்கட்டில் சிவப்பு.

முன்னால் நேரமில்லை, அதனால் எடுத்து முடித்துவிட்டுக் கையை நீட்டியிருக்கிறாள். ஒவ்வொரு வாரமும் கார்டில் இருப்பதை எல்லாம் பென்டிரைவில் அவளுக்கும் கொடுத்துவிடுவேன். அப்படியென்றால் இந்தக் கை அவளிடமும் இருந்திருக்கிறது, இத்தனை வருஷமும்.

உடனே போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தாள். "அடிப்பாவி, அதப் பாக்க ஒனக்கு இவ்ளோ நாளாச்சா?"

பிறகு அவளே சொன்னாள்:

"நீ அதப் பாத்துட்டுத்தான் போட்டேன்னு நெனச்சேன், கவி."

"அப்புறம் ஏன்டி சூப்பர்னு எழுதுன?"

"படம் சூப்பராத்தானே இருந்துச்சு..."

மன்னிப்புக் கேட்டேன். "சரி விடுலா" என்றாள். விடக்கூடிய விஷயமா அது?

புதுக் கேமரா கெட்டிக்காரக் கேமரா. பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கிறது. சத்தமே இல்லை. ஒவ்வொரு படத்திலும் என் பெயரைத் தானே எழுதிக்கொள்கிறது. யாருக்கும் கையை நீட்ட வேண்டிய அவசியமில்லை. ஆனால் படகுத்துறையில் தனியாக நிற்கும்போது "லெஃப்ட்டு! லெஃப்ட்டு!" என்று கத்தத்தான் ஆளில்லை.

நேற்று அப்பா வீட்டுக்குப் போய் அந்தக் காலண்டரைக் கழற்றினேன். ஏன் என்று கேட்டார், சொன்னேன். எழுந்து போய்ப் பேனாவைக் கொண்டுவந்து கொடுத்தார். பெயரைத் திருத்தி மறுபடி அதே ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

இந்தப் பதிவுக்குக் கீழே இரண்டு படம் போட்டிருக்கிறேன். ஒன்றில் கழுகு. இன்னொன்றில் சிவப்புக் கயிறு கட்டிய கை.

இரண்டையும் எடுத்தது தேவி. சூப்பர் என்று எழுதுவதாக இருந்தால் அவளுக்கு எழுதுங்கள்.