மூன்றாவது சேலையின் முந்தானை

1968, புரட்டாசி மாதம், புதன்கிழமை. மாலை நாலரைக்குக் கடைத்தெருவில் கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலை ஒன்று வாங்கினேன். ஐந்தரைக்குப் பிள்ளையார்பாளையம் சென்று, தறியில் இருக்கும் சேலை எங்களுக்கு வேண்டாம் என்று சொன்னேன். ஆறரைப் பேருந்தில் தாமல் திரும்பினேன். மழை இல்லை.

என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இவ்வளவே இருக்கிறது.

தறியில் இருந்தது, தீபாவளிக்கென்று என் மனைவி ஆடியிலேயே சொல்லிவைத்த சேலை. ஒரு பாவு நூலில் மூன்று சேலைகள் நெய்வார்கள். நிறமும் கரையும் மூன்றுக்கும் ஒன்றே, முந்தானை மட்டும் அவரவர் விருப்பம். எங்களுடையது மூன்றாவது. முன்னிரண்டும் யார் யாருக்கோ உரியவை. அவற்றையும் அவள் வெள்ளிதோறும் போய்ப் பார்த்தாள். கோயிலுக்கென்று சொல்லித்தான் புறப்படுவாள்.

ஒரு வெள்ளியன்று நானும் உடன் சென்றேன். தறியில் கண்ணுக்குத் தெரிவது ஒரு சாண் துணிதான். நெய்து முடிந்த பகுதி, நெய்பவரின் மடிக்கு முன்னுள்ள மரத்தில் சுருண்டுவிடும்.

“போன வாரம் காட்டுன மயிலயே காட்டிக்கினு இருக்கீங்களே,” என்றாள்.

“அது உள்ள பூட்ச்சுமா. இது அதோட தம்பி,” என்றார் நெசவாளர்.

“கொஞ்சம் பிரிச்சுக் காட்டுனா இன்னா?”

“பிரிச்சா இழுவ தளர்ந்து பூடும்மா. முந்தானை கடைசிலதான் வரும். அதுவரைக்கும் தம்பியோட பேசிக்கினு இருங்க.”

அவள் சிரித்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

வாரந்தோறும் பேருந்தில் நின்றபடி போய் ஒரு சாண் பார்த்துவருவது வீண் அலைச்சலாக எனக்குப் பட்டது. அதைத் தவிர்த்துக் கொடுப்பது என் கடமை என்றும் கருதினேன். அதே நிறம், அதே கரை, மயில்கள். கடையில் ஆயத்தமாக இருந்தது.

வேண்டாம் என்று நான் சொன்னபோது நெசவாளர் கையை நிறுத்தினார். “வர்ற வெள்ளிக்கெழம முந்தானை சார். அம்மா பாக்க வருவாங்களே?”

“இனி வரவேண்டியதில்லை. கடைக்குக் கொடுத்துவிடுங்கள்,” என்றேன்.

அன்றிரவு அவள் புதுச் சேலையை ஒரே வீச்சில் பிரித்தாள். முந்தானைவரை பார்த்தாள். “நல்லா இருக்குதுங்க,” என்று மடித்துவைத்தாள். தீபாவளிக்கு உடுத்தினாள். அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தாள்.

பொங்கல் கழிந்து ஒருநாள், சாதம் பரிமாறுகையில் கேட்டாள்: “அந்தச் சேலைக்கு முந்தானை எப்படி வந்துச்சுன்னு கேட்டீங்களா?”

இல்லை என்றேன். கேட்டுச் சொல்வதாகவும் சொன்னேன்.

நான் பாடம் நடத்திய கல்லூரியிலிருந்து நெசவாளரின் தெரு பத்து நிமிட நடை. பின்னும் ஒன்பது ஆண்டுகள் அங்கேயே பணிபுரிந்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை. இந்த மாசியில் இறந்தாள்.

செய்யாமல் நிற்பவை:

பீரோவிலுள்ள சேலையை மகளிடம் சேர்ப்பது.

அவளுடைய வெள்ளிக்கிழமைப் பையின் அறுந்த பிடியைத் தைக்கக் கொடுப்பது.

நெசவாளர் இன்னும் அதே வீட்டில் இருக்கிறாரா என்று விசாரிப்பது.

முந்தானை எப்படி வந்தது என்று கேட்பது.