மாடிக்குப் போகாமல் போட்ட கையெழுத்து

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அடையாறில் இருக்கும் அந்த ஃபிளாட்டை நினைத்தால் இன்றைக்கும் சூடாகிறது.

நான் கொசுப்புழு பார்க்கிறவள். மாநகராட்சியில் காண்ட்ராக்ட் வேலை. வீடு வீடாகப் போய் தொட்டி, டிரம், பூந்தொட்டியின் அடித்தட்டு, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் என்று ஒன்றுவிடாமல் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு அந்த வீட்டு அட்டையில் தேதி போட்டு, புழு இருந்ததா இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். இதைச் சொன்னால் ஒருத்தருக்கும் பிடிப்பதில்லை. கொசு என்றால் குப்பத்திலிருந்து பறந்து வருகிறது என்றுதான் நினைப்பு. நான் ஊரூர் குப்பத்துக்காரி. கொசுவைத் தேடி வந்தவளையே கொசு மாதிரி விரட்டுவார்கள்.

அந்த ஃபிளாட்டில் பன்னிரண்டு வீடு. அசோசியேஷன் செயலாளர் ரிட்டையரான மனிதர். பன்னிரண்டு அட்டைகளையும் ரப்பர் பேண்டு போட்டு வாட்ச்மேன் மேஜையில் வைத்துவிட்டார். நான் யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாதாம்.

"மொட்டை மாடியப் பாக்கணும் சார்."

"மாடியில ஒண்ணும் இல்லம்மா. சாவி எங்க இருக்குன்னு தெரியல. கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

அந்த அடுத்த வாரம் மழைக்காலம் முழுக்க வரவே இல்லை. அதற்கு முன்னால் வேறொரு தெருவில் இதே மாதிரி மல்லுக்கட்டியிருக்கிறேன். மரியாதையில்லாமல் பேசினேன் என்று புகார் போய், மேற்பார்வையாளர் என்னை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கிழி கிழியென்று கிழித்தார். இன்னொரு புகார் வந்தால் வேலை இல்லை என்றார். அதனால் கேட்டில் நின்றபடியே பன்னிரண்டு அட்டையிலும் 'புழு இல்லை' என்று எழுதினேன். வாரா வாரம் எழுதினேன். பயந்தாங்கொள்ளி. வேறென்ன சொல்வது?

வாட்ச்மேனின் மனைவி படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அறையில் குடியிருந்தாள். அங்கேயே நாலு வீட்டில் பாத்திரம் தேய்ப்பாள். என்னைவிடச் சின்னவள். நான் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் "இன்னாக்கா, வெயில்ல வந்துகினு கீற" என்று டீ கொண்டுவந்து கொடுப்பாள். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் காய்ச்சல் பட்டியலில் ஒரு நாள் அவள் பெயரும் அந்த முகவரியும் இருந்தன.

அன்றைக்கே சுகாதார ஆய்வாளரோடு போனேன். செயலாளர் தன் சட்டைப் பையிலிருந்தே மாடிச் சாவியை எடுத்தார். மேலே, அவர் ஆசையாக வளர்க்கும் தாமரைத் தொட்டி. டார்ச் அடித்தேன். தண்ணீரே தெரியவில்லை, அவ்வளவு புழு.

"இது இப்பத்தான் வந்திருக்கும். அந்தப் பொண்ணு ரூமப் பாருங்க, அழுக்கு அங்கதான் இருக்கு," என்றார் செயலாளர். பிறகு கீழே போய் அட்டைக் கட்டை எடுத்து வந்து ஆய்வாளரிடம் நீட்டினார். "வாரா வாரம் புழு இல்லைன்னு உங்க ஆளேதான் எழுதியிருக்கா."

மனுஷனா அவர்? செருப்பைக் கழற்றலாமா என்றிருந்தது. ஆய்வாளர் என்னைப் பார்த்து, "உன் கையெழுத்தா?" என்றார். ஆமாம் என்றேன். மெமோ வந்தது. அது கிடக்கட்டும்.

இரண்டு நாள் வாட்ச்மேன் மனைவியின் உயிர் இழுத்துக்கொண்டு கிடந்தது. பிளேட்லெட் ஏறத் தொடங்கிய அன்று அரசு ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். ஈறிலிருந்து கசிந்த ரத்தம் உதட்டில் காய்ந்திருந்தது.

"நாலு நாளு ஜொரத்தோட ஏண்டி வேலைக்குப் போன? மொத நாளே வந்து காட்ட வேணாமா?" என்று அவளையே திட்டினேன். செயலாளரிடம் காட்ட முடியாத கோபத்தை அவளிடம் காட்டினேன்.

"நீதான் வாரா வாரம் பாத்து எழுதிட்டுப் போறியேக்கா. நம்ம பில்டிங்ல கொசு இல்லன்னு நெனச்சேன். சும்மா ஜொரம்னு மாத்திர போட்டுக்கினு இருந்தேன்."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. "நான் ஒரு தபாகூட மாடிக்குப் போவல. சாவி இல்லன்னு அந்தாளு சொல்லிட்டாரு."

அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"எங்கிட்டயும் ஒரு சாவி கீது. மாடி பெருக்குறது நான்தானே. கேட்டிருந்தா தொறந்து வுட்டிருப்பேன்." மூச்சு வாங்கியது. "அந்தத் தொட்டிக்கு தெனம் தண்ணி ஊத்துறதும் நான்தான். உள்ளார நெளியும். மீன் குஞ்சுன்னு நெனச்சிக்கினேன்."

அவள் கையைப் பிடித்தேன். அவள் இழுத்துக்கொண்டாள்.