முகம் தெரியாத பாட்டு

காளவாசலில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்த வீடியோ மிக்சிங் அறையில் சுந்தரவல்லி வேலைக்குச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. முதலாளி தவசி விசேஷ வீடுகளுக்குப் போய்க் கேமரா பிடிப்பார். அவர் கொண்டுவரும் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, எபெக்ட் போட்டு முடிப்பது அவள் பொறுப்பு. வீட்டில் சௌராஷ்ட்ரம், வெளியே தமிழ். இரண்டிலும் அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. வயது முப்பத்தொன்று. இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்து, இரண்டும் நின்றுபோயிருந்தன. மற்றவர்களின் கல்யாணத்தை மட்டும் முந்நூறுக்கு மேல் பார்த்துவிட்டாள்.

எபெக்ட் போடுவதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. பந்தியில் வாயைத் திறந்து மெல்லுகிற ஆள் வந்தால், புத்தகத்தின் பக்கம் புரள்வதுபோல் படம் அங்கே புரண்டுவிடும். சம்பந்திகளுக்குள் மனஸ்தாபம் என்று தவசி சொல்லி அனுப்பியிருந்தால், கோபித்துக்கொண்டு நிற்கும் சித்தப்பாவின் மேல் ஒரு இதயம் விரிந்து அடுத்த காட்சி வந்துவிடும். பார்க்கிறவர்கள் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவளைப் பொறுத்தவரை பிசகு உள்ள இடத்தில்தான் எபெக்டுக்கு வேலை.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம், மாசி மாதம். செல்வக்குமார் என்ற கல்லூரி மாணவன் மூன்று கேசட்டோடு வந்தான். கல்லூரிக் கலைவிழாப் போட்டிக்காக நண்பர்கள் சேர்ந்து எழுதி, மெட்டமைத்து, பாடிய நாலரை நிமிஷப் பாட்டு. திருவாதவூர்க் கண்மாய்க் கரையில் இரண்டு நாள் படம் பிடித்திருந்தார்கள். அவன் வகுப்பில் படிக்கும் ரோகிணி யாரையோ தேடிக்கொண்டு கரை நெடுக நடந்து போகிறாள்; கடைசியில் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். அவ்வளவுதான் கதை.

"அக்கா, உங்க கம்ப்யூட்டர்ல இருக்க எபெக்ட் அம்புட்டையும் போட்ருங்க" என்றான்.

சுந்தரவல்லி ஒரு கேசட்டை ஓடவிட்டுப் பார்த்தாள்.

"எதுக்கு தம்பி? படம் நல்லாத்தான் எடுத்திருக்கீங்க. அந்தப் புள்ள முகத்துலயே எல்லாம் இருக்கு. சும்மா வெட்டி ஒட்டுனாப் போதும்."

அவனுக்கு மனசில்லை. இருந்தாலும் ஒத்துக்கொண்டான். நாலு நாளில் பாட்டு முக்கால்வாசி முடிந்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் ரோகிணி தனியாக வந்தாள். படத்தில் பார்த்ததைவிட ஒல்லியாக இருந்தாள். நின்றபடியே பேசினாள்.

"அக்கா, என் மூஞ்சி தெரியக் கூடாது."

"ஏம்மா?"

"காலேஜ்ல மட்டும் போடுவாங்கன்னுதான் நடிச்சேன். இப்ப லோக்கல் கேபிள்லயும் போடப் போறாங்களாம். எங்க ஊர் செக்கானூரணிக்கு அங்கிட்டு. எங்கய்யா டீக்கடையிலதான் டிவி பார்ப்பாரு. டூர் போறேன்னு சொல்லிட்டுத்தான் அந்த ரெண்டு நாளும் போனேன்."

சாயங்காலம் செல்வக்குமார் வந்தபோது சுந்தரவல்லி விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் சிவந்துவிட்டது.

"வேலை கொடுத்தது நான்க்கா. அவ இல்லாட்டிப் பாட்டே இல்ல."

"பாட்டு இருக்கும் தம்பி. மூஞ்சி மட்டும் இருக்காது. அந்தப் புள்ள வேணாங்குது, அதுக்கு மேல நான் என்ன செய்ய?"

போட்டிக்கு நாலு நாள்தான் இருந்தது. அவன் வேறு வழியில்லாமல் தலையாட்டிவிட்டுப் போனான்.

முடித்துவைத்ததைக் கலைத்துவிட்டு சுந்தரவல்லி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ரோகிணி திரும்பும் முன்பே படத்தைக் கரைத்துக் கண்மாய்த் தண்ணீருக்குக் கொண்டுபோனாள். நேராக நடந்து வருகிற காட்சியில் வெளிச்சத்தைக் குறைத்து ஆளைக் கருநிழலாக்கினாள். ஓரிடத்தில் படத்தையே தலைகீழாக்கி, அதன் மேல் அலை ஓடவிட்டாள். முகம் பெரிதாக வரும் இடங்களில் நெகட்டிவ் போல நிறத்தை மாற்றினாள். பெட்டிபோல் சுழன்று மறுபக்கம் காட்டும் எபெக்டையும் விடவில்லை. ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் ரெண்டர் செய்து படமாக்கி முடிக்கிற வரை பக்கத்து ஜன்னலில் நின்று பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலரை நிமிஷத்தில் எழுபத்தொரு எபெக்ட் ஆயிற்று.

கடைசிச் சிரிப்பை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். ஏழு விநாடி. கேமரா ஆடவில்லை, வெயில் பக்கவாட்டில் சரியாக விழுந்திருந்தது. இப்படிப் பிசகே இல்லாத ஒன்றை அவள் அதுவரை மறைத்ததில்லை. இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, திரை முழுக்க வெள்ளையாகிற எபெக்டை அதன் மேல் போட்டாள்.

கல்லூரியில் ஒவ்வொரு எபெக்டுக்கும் விசில் பறந்ததாம். பரிசு கிடைக்கவில்லை; எபெக்ட் அதிகம் என்று நடுவர்கள் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேபிளில் போட்டார்கள். சுந்தரவல்லி பார்க்கவில்லை. அன்று மூன்று முகூர்த்தம். கேசட்டுகள் குவிந்து கிடந்தன.

புதன்கிழமை ரோகிணி மறுபடி வந்தாள். கூடவே வேட்டி கட்டிய ஒரு பெரியவர். அவள் அப்பா என்று சொல்லத் தேவையிருக்கவில்லை, அதே நெற்றி. பேர் நல்லகாமன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து துண்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"டீக்கடையில பார்த்தேன். நடையப் பார்த்ததுமே எம்மகதான்னு தெரிஞ்சுபோச்சு. கேட்டேன், ஆமான்னுட்டா. பொய் சொல்லிட்டுப் போனது எனக்கும் அவளுக்கும் உள்ளது. நான் கேக்க வந்தது வேற. எம்மக மூஞ்சில என்ன குறையக் கண்டு மறைச்சீக தாயி?"

அவர் பின்னால் நின்ற ரோகிணி, மறைக்கச் சொன்னது தான் என்பதைச் சொல்லிவிடாதீர்கள் என்பதுபோல் மெல்லத் தலையசைத்தாள்.

"குறையெல்லாம் இல்லைங்கய்யா. வெளிச்சம் சரியா விழல" என்றாள் சுந்தரவல்லி.

"அப்ப, மறைக்காததப் போட்டுக் காட்டுங்க. வெளிச்சம் இல்லாட்டிப் பரவால்ல."

அது இல்லை. முகூர்த்தங்களுக்கு இடம் வேண்டும் என்று திங்கள்கிழமைதான் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கிலிருந்து அழித்திருந்தாள். கேசட்டுகளில் செல்வக்குமார் வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்துவிட்டதாக ரோகிணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

நல்லகாமன் அணைந்திருந்த மானிட்டரைப் பார்த்தார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. எழுந்து துண்டைத் தோளில் போட்டார்.

"மூத்த மக பிள்ளைக்கு வைகாசியில காதுகுத்து. வீடியோவுக்கு உங்க முதலாளியவே வரச் சொல்லுங்க. ஆனா இந்தச் சுத்துறது, புரள்றது எதுவும் வேணாம். ஆளுக மூஞ்சி தெரியணும்."

அவர்கள் படியிறங்கிப் போனபின் சுந்தரவல்லி கொஞ்ச நேரம் வேலை பார்க்கவில்லை. வெளிச்சம் விழவில்லை என்று சொன்னது அவளை என்னவோ செய்தது. அது நல்ல வெளிச்சம்.

சொன்னபடி வைகாசியில் தவசி போய் எடுத்து வந்தார். எபெக்ட் இல்லாமல் வெட்டுவது லேசான வேலை என்று நினைத்துத்தான் ஆரம்பித்தாள். அப்படி இல்லை. ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் போக எந்த இடத்தில் வெட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் யோசிக்க வேண்டியிருந்தது. வாய் திறந்து மெல்லுகிறவர்கள், தூங்கிவிழுகிறவர்கள், மொய் எழுதுகிற இடத்தில் முறைத்துக்கொண்டவர்கள் எல்லாரும் அப்படியே இருந்தார்கள். வழக்கமாக மூன்று நாளில் முடிகிற வேலை ஒரு வாரம் இழுத்தது.

தவசி வந்து பத்து நிமிஷம் பார்த்தார்.

"என்ன வல்லி, மொட்டையா இருக்கு? ஒரு ரோஜாப்பூவாவது தூவிவிடும்மா."

"அவுக வேணாம்னாங்கண்ணே" என்றாள்.

அந்தப் படத்தில் ரோகிணி பந்தி பரிமாறிக்கொண்டு ஒன்பது இடத்தில் வந்துபோனாள். கண்மாய்க் கரையில் திரும்பிச் சிரித்ததுபோல் ஓரிடத்தில்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை.