வெட்டி எடுத்த பதினொரு துண்டுகள்

செங்கம் கடைத்தெருவில், உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் கேசட் கம்பெனியின் வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். மேலே 'புது வெளியீடு' என்று பெயிண்டில் எழுதியிருக்கும். அதன் கீழே அந்தப் பருவத்துக் கேசட்டுகளின் பெயர்களைச் சாக்பீஸால் எழுதுவது என் பொறுப்பு. கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓனர், நான், இரண்டு அறைகள், ஒரே நேரத்தில் நாலு கேசட்டில் பதியும் ஒரு மிஷின், அவ்வளவுதான். சினிமாப் பாட்டுப் பக்கம் நாங்கள் போகவே இல்லை. படவேட்டு ஆடித் திருவிழாவுக்கு அம்மன் பாட்டு, கார்த்திகை தீபத்துக்குச் சாமி பாட்டு, நடுநடுவே கூத்து, மேளம் என்று எண்பதுகளின் நடுவில் வருஷத்துக்கு ஆறேழு கேசட் வெளியிட்டோம். அந்தப் பலகையில் நான் எழுதிய பெயர்களில் ஒன்றை மட்டும் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அது மலைக்காட்டுப் பாட்டு. பாடியவர் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. எனக்கு அவர் அக்கா.

பலகை எழுதுவதும் உறை ஒட்டுவதும் எடுபிடி வேலை. என் உண்மையான வேலை வெட்டுவது. பெரிய ஸ்பூலில், அதாவது நாடாச் சுருளில், பதிந்து வந்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டு, இருமல், செருமல், பேச்சு, நாய் குரைப்பு எல்லாவற்றையும் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு, மிச்ச நாடாவை ஒட்ட வேண்டும். ஒட்டிய இடம் காதுக்குத் தெரியக் கூடாது. நகல் எடுத்தால் ஒலி மங்கிவிடும் என்பது ஓனரின் பிடிவாதம், ஆகவே மூல ஸ்பூலிலேயே கை வைப்போம். ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் தலைக்குமேல் இருந்தது.

அக்காவின் ஊர் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் நடக்க வேண்டும். சந்தைக்கு வந்தவர்கள் யாரோ அவர் குரலைப் பற்றிச் சொல்லி, ஓனர் ஆசைப்பட்டு, ஓர் ஆடி மாதத்தில் ஸ்பூல் ஓடும் பேட்டரி ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனோம். வீட்டுக்குள் பாய் விரித்து மைக்கை வைத்தால் அவர் சிரிக்கிறார். "வூட்ல சும்மா குந்திகினு எப்பிடி தங்கச்சி பாடறது? கையில வேல இருந்தாத்தான் எனக்குப் பாட்டு வரும்" என்றார். ஆகவே சாமைக் கொல்லைக்கே போனோம். அவர் குனிந்து களை பறித்துக்கொண்டே பாட, நான் மைக்கைப் பிடித்தபடி வரப்போடு பக்கவாட்டில் நகர்ந்தேன். அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கனமான குரல், ஆனால் துளியும் சிரமப்படாத குரல்.

ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. கொல்லையின் ஓரத்தில் பலா மரத்து நிழலில் அவருடைய ஐந்து வயது மகளை உட்கார வைத்திருந்தார். மலைப் பக்கம் கரடி நடமாட்டம் உண்டு, பாம்புக்கும் பஞ்சமில்லை. அதனால் வேலை செய்துகொண்டே பிள்ளையைக் குரல் கொடுத்துப் பார்த்துக்கொள்வது அங்கே எல்லாத் தாய்மார்களுக்கும் வழக்கம். அக்காவுக்கோ அது பாட்டோடு ஒட்டிப் பிறந்தது போல ஆகிவிட்டிருந்தது. ஓர் அடி முடியும், தலையை நிமிர்த்தாமலே "பாப்பா, கீறியா?" என்பார். மரத்தடியிலிருந்து "கீறேம்மா", அதாவது இருக்கிறேன் அம்மா, என்று வரும். உடனே அடுத்த அடியைத் தொடங்குவார். நிறுத்திப் பாடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தோம். "சரி சரி" என்பார், அடுத்த அடியிலேயே கூப்பிட்டுவிடுவார். பதில் வராவிட்டால் அவருக்குப் பாட்டு நகராது. ஓனர் என் காதருகே குனிந்து, "வுடும்மா, நீ இருக்கும்போது எனக்கு இன்னா கவலை? வெட்டிக்கலாம்" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வெட்டினேன். முதல் பாட்டில் மட்டும் பதினொரு இடங்கள். ஒவ்வொரு கூப்பிடலும் பதிலும் சேர்ந்து ஒரு கஜ நாடா இருக்கும். மற்றப் பாட்டுகளை வீட்டுக்குத் திரும்பிய பிறகு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சாமை புடைத்தபடி பாடியிருந்தார், அவற்றில் கூப்பிட வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆக, அவர் பேசியதாக இந்த உலகத்தில் பதிவாகியிருந்தது அந்தப் பதினொரு துண்டுகளில்தான். நான் அதை அன்றைக்கு யோசித்தேனா? இல்லை. ஒட்டி முடித்து ஓடவிட்டபோது ஓனர் வாயைப் பிளந்துவிட்டார். "ஒரே மூச்சுல பாடினா மாதிரி கீதும்மா" என்றார்.

இன்றைக்கு என் பேரன் போனில் எதை எதையோ பதிந்து வைக்கிறான். தெருவில் ஐஸ்காரன் கூவியது, நான் சமையலறையில் முணுமுணுத்தது என்று குப்பையாகச் சேர்ந்து கிடக்கிறது. இடம் போதவில்லை, அழிக்கட்டுமா என்று கேட்டால் எனக்குப் பதறுகிறது. வேண்டாம்டா, இருக்கட்டும் என்கிறேன். பாட்டிக்கு என்ன பைத்தியமா என்பது போலப் பார்க்கிறான். யாருடைய பாட்டைக் கேட்டாலும் நடுவில் ஒரு செருமலாவது வராதா என்றுதான் நான் இப்போது காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

புரட்டாசியில் அக்காவின் வீட்டுக்காரர் சந்தைக்கு இறங்கியவர், கேசட் எப்போது வரும் என்று கேட்க மாடிக்கு வந்தார். கார்த்திகைக்கு வந்துவிடும், முதல் கேசட் அக்காவுக்குத்தான் என்றேன். புறப்படும்போது மேசைக்குக் கீழே இருந்த டால்டா டின்னைப் பார்த்தார். வெட்டிய நாடாத் துண்டுகளை நான் அதில்தான் போடுவேன். "இது வேணாம்னா எடுத்துக்கலாமா? கதிர் முத்தியிருக்குது. கயித்துல கட்டி வுட்டா காத்துல சத்தம் போடும், குருவி அண்டாது" என்றார். குப்பை தொலைந்தது என்று டின்னோடு கவிழ்த்துக் கொடுத்தேன். அவரும் சந்தோஷமாகத் துண்டில் முடிந்துகொண்டு போனார். அவருக்கும் தெரியாது, எனக்கும் உறைக்கவில்லை.

ஐப்பசி மழையில் அக்கா போய்விட்டார். நாலு நாள் காய்ச்சல். பாதை அரித்துக் கிடந்ததால் ஆஸ்பத்திரிக்கு டோலி கட்டித் தூக்கி வந்திருக்கிறார்கள், பாதி வழிதான் வர முடிந்தது. எங்களுக்கு விஷயம் தெரிந்தபோது கேசட்டுகள் உறைக்குள் போய்விட்டிருந்தன. நான் பலகையில் அந்தப் பெயரை எழுதினேன். தீபத்துக்கு வந்த கூட்டம் அந்தக் கேசட்டை அப்படி வாங்கியது. அவர் அதை ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

தை மாதம் பொங்கல் கழிந்து வீட்டுக்காரர் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "ஜமுனாமரத்தூர் டீக்கடையில அவ பாட்டப் போடறாங்கம்மா. இந்தப் புள்ள ஓடிப் போயி நின்னுக்கும். அடி முடியறப்போ 'கீறேம்மா'ன்னு சொல்லுது. ஆனா அதுக்குள்ள அடுத்த அடி வந்துடுது. அம்மா ஏன் என்னக் கூப்டல, எம்மேல கோவமான்னு கேக்குதும்மா" என்றார். பிறகு தயங்கி, "பாட்டு எங்கிட்ட கீது. அவ இதக் கூப்பிட்டாளே, அது மட்டும் குடுங்க" என்றார்.

அந்தப் பிள்ளை என் மேசையையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. சொல்லித்தான் ஆக வேண்டும். "அத வெட்டிட்டேங்க அண்ணா" என்றேன். வெட்டியது எங்கே என்று கேட்டார். "நீங்கதான் எடுத்துகினு போனீங்க" என்றேன். அவர் முகத்தை நான் அப்போது பார்த்திருக்கக் கூடாது. கோபப்பட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நானா கட்டுனேன்?" என்று மட்டும் கேட்டார். ஓனர் எழுந்து பேட்டரி ரிக்கார்டரை என் கையில் கொடுத்து, "இப்பவே போய்ப் பாரும்மா" என்றார்.

மறுநாள் காலையில் அந்தக் கொல்லையில் நின்றோம். அறுவடை முடிந்து சாமைத் தாள் மட்டும் நின்றது. நாடா கட்டிய கயிற்றைத் தாங்கிய குச்சிகள் பாதி சாய்ந்திருந்தன. மழையும் காற்றும் வெயிலுமாக மூன்று மாதம். வேலி முள்ளிலும் மண்ணுக்குள்ளுமாகத் தேடித் தேடி நாலு துண்டுகள் எடுத்தோம். முந்தானையால் துடைத்து, சுருக்கம் நீவி, ஒன்றோடொன்று ஒட்டி, பலா மரத்தடியில் ரிக்கார்டரை வைத்து ஓடவிட்டேன். முதல் மூன்றில் வெறும் இரைச்சல். மண் கரகரப்பைத் தவிர எதுவும் இல்லை. வீட்டுக்காரர் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலாவது, நடுவில் அறுந்த அரைத் துண்டு. இரைச்சலுக்குள்ளிருந்து "கீறேம்மா" என்று வந்தது.

அவ்வளவுதான். கூப்பிட்ட பாதி காற்றோடு போய்விட்டது, பதில் சொன்ன பாதிதான் மிஞ்சியிருந்தது.

"இது நானு" என்றது பிள்ளை. "அம்மா எங்க?"

பதில் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? அவளாகவே பெட்டியை நெருங்கி உட்கார்ந்தாள். "இன்னோர் தபா போடுக்கா" என்றாள். நாடாவைப் பின்னுக்குச் சுற்றினேன். நான் பொத்தானை அழுத்தப் போன நேரத்தில், கொல்லையில் களை பறிப்பவள் போலத் தலையை நிமிர்த்தாமலே, அம்மாவின் அதே ராகத்தில், "பாப்பா, கீறியா?" என்றாள்.

பெட்டி, "கீறேம்மா" என்றது.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. மறுபடி போடச் சொன்னாள். மறுபடி கூப்பிட்டாள். அவள் அப்பா வேலி ஓரமாகப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாலாவது தடவைக்கு மேல் என்னால் பொத்தானை அழுத்த முடியவில்லை. பதில் வரவில்லையே என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.