விவாதத்துக்கு ஐந்து மணி ஜீப்

எங்கள் ஜீப் குரூப்பில் கடவுள் எப்படி நுழைந்தார் என்று யாரைக் கேட்டாலும் அடுத்தவரைத்தான் கைகாட்டுவார்கள்.

நான் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் மாட்டு டாக்டர். வீடு கீழே திருப்பத்தூரில். மலைக்கு பஸ் குறைவு என்பதால் எல்லோருக்கும் ஜீப்தான் கதி. வண்டி எப்போது கிளம்பும், சீட் இருக்கிறதா, மழையில் எங்கே மரம் விழுந்திருக்கிறது என்று சொல்ல, ஜீப் ஓட்டுபவரும் நானும் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் தொடங்கினோம். பெயர் 'ஜீப் நேரம்'. பொத்தானை அமுக்கத் தெரிந்தவள் என்பதால் நான் அட்மின்.

சாயங்காலம் ஐந்து மணி ஜீப் எனக்கு உயிர். இரண்டாவது படிக்கும் மகள் கீழே காத்திருப்பாள். அவள் அப்பாவுக்கு வெளியூரில் வேலை. ஐந்து மணி வண்டியைப் பிடித்தால் நானும் அவளும் சேர்ந்து சாப்பிடுவோம். விட்டால் அவள் பக்கத்து வீட்டில் சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்துக்கொள்வாள், நான் மலையில் தனியாக விழித்துக் கிடப்பேன். இந்த அற்பக் காரணத்துக்காகத்தான் மதங்களின் விவகாரத்தில் தலையிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குரூப்பில் மூன்று பேர் முக்கியம். ஒருவர் சாமையும் புளியும் விளைவிக்கும் மலைக்காரர், தீவிர முருக பக்தர். இன்னொருவர் வாணியம்பாடியிலிருந்து புளி வாங்க வரும் பாய். மூன்றாமவர் கணக்கு வாத்தியார். அவருக்குக் கடவுளே கிடையாது, அதை அடிக்கடி நினைவூட்டுவார். ஒரு கிருத்திகையன்று முருக பக்தர் வேல் படம் போட்டு, இன்று விரதம் என்று எழுதினார். பாய் வாழ்த்துச் சொன்னதோடு நின்றிருக்கலாம். 'பாலும் பழமும் உண்டாமே, அப்புறம் எப்படி விரதம்?' என்று ஒரு வரி சேர்த்தார். 'உங்களுக்கு மட்டும் பொழுது சாய்ந்தால் பிரியாணி உண்டே' என்று பக்தர் எழுதினார். சாமை விளையாத வருசம் மலையில் எல்லோருமே விரதம்தான் என்று வாத்தியார் நடுவில் புகுந்தார். பிடித்தது சனி.

எங்கள் மலையில் சிக்னல் வரும், போகும். காலையில் எழுதியது மத்தியானம்தான் போய்ச் சேரும். அதனால் எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு என்று தெரியாது. 'ஜீப் கிளம்பிவிட்டது' என்று ஓட்டுநர் போட்டால், அதற்கு நேர் கீழே வாத்தியாரின் 'இதற்கு என்ன ஆதாரம்?' வந்து உட்காரும். ஆதாரம் கேட்டது ஜீப்புக்கா சாமிக்கா என்று மேலே தேடிப் பார்த்துக்கொண்டிருந்ததில் நானே ஒருநாள் வண்டியைத் தவறவிட்டேன். அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மதத்தை மதத்தோடு வைப்போம், சண்டையைச் சண்டையோடு வைப்போம், ஜீப்பை ஜீப்போடு வைப்போம் என்று முடிவு செய்தேன். ஒரே மூச்சில் நான்கு குரூப் புதிதாகத் தொடங்கினேன். 'பக்தி', பாய்மார்களின் பிரார்த்தனைக்கு 'துஆ', தினமும் ரோஜாப்பூவோடு பைபிள் வசனம் அனுப்பும் நர்ஸ் அம்மாவுக்காக 'ஜெபம்', மோதிக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு 'விவாதம்'. விவாதத்துக்கு விதிகள்கூட எழுதினேன். மரியாதையாகப் பேச வேண்டும், ஆதாரம் தர வேண்டும், ஒருவர் முடித்தபின் மற்றவர். இவ்வளவு அழகாகப் பிரித்து வைத்ததற்கு எனக்கு யாராவது சால்வை போர்த்தியிருக்க வேண்டும்.

நடந்தது வேறு. ஒரே சாமியைக் கும்பிடுகிறவர்களைத் தனியாக விட்டால் அமைதியாக இருப்பார்கள் என்று நம்பியிருந்தேன். 'பக்தி'யில் திருவிழா மேளம் முதலில் எந்த ஊர் வாசலில் அடிக்க வேண்டும் என்று தொடங்கிய பேச்சு, இரண்டு ஊர்க்காரர்கள் முகம் பார்க்காமல் திரும்பிக்கொள்ளும் வரை போனது. 'துஆ'வில் பாய் எதை எழுதினாலும் திருத்த ஆள் இருந்தது. 'ஜெபம்' குரூப்பில் நர்ஸ் அம்மா மட்டும் தனக்குத்தானே ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார். 'விவாதம்' குரூப்பில் ஈ ஓட்டவும் ஆளில்லை. செவ்வாய்க்கிழமை வாருங்கள், சண்டை போடலாம் என்று அழைத்தால் யார் வருவார்? வாத்தியார் மட்டும் தினமும் 'யாராவது இருக்கிறீர்களா?' என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒருநாள் மருந்தகத்துக்கு ஆட்டுக்குட்டியோடு வந்த முருக பக்தர் என்னிடம் பொரிந்து தள்ளினார்.

"இன்னாம்மா குரூப்பு இது? நான் ஓம் முருகான்னு போட்டா எல்லாரும் ஓம் முருகான்னே போட்றாங்க. அதுக்கு இன்னாத்த பதில் எழுதறது? அந்த பாய் இருந்தா ஒரு கேள்வியாவது கேப்பாரு."

"அவரு கேட்டதுக்குத்தானே குரூப்பை வுட்டே தூக்கச் சொன்னீங்க?"

"சொல்லுவேன். அதுக்காக நீங்க தூக்கிட்றதா?"

குட்டிக்கு ஊசி போட்டேன். எனக்கு எரிச்சலாக இருந்தது.

'ஜீப் நேரம்' குரூப்பில் இப்போது ஜீப் நேரம் மட்டும்தான் வந்தது. நான் கேட்டது அதைத்தான். ஆனால் அதை யாரும் திறந்தே பார்க்கவில்லை. இத்தனை நாளும் ஜனங்கள் சண்டையைப் பார்க்க வந்து, போகிற போக்கில் வண்டி நேரத்தையும் பார்த்திருக்கிறார்கள். நேரம் தெரியாமல் பாதிப் பேர் மத்தியான பஸ்ஸிலேயே இறங்கிப் போனார்கள். வாத்தியார் பைக்குக்கு மாறினார். பாய் புளி ஏற்றும் வேனிலேயே தொற்றிக்கொண்டார். ஐந்து மணி ஜீப்பில் நானும் ஒரு பலாப்பழமும் மட்டும் இறங்கிய நாளும் உண்டு.

அடிவாரத்தில் டீ குடிக்கும்போது ஓட்டுநர் சொன்னார்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. அடுத்த வாரத்துலருந்து அஞ்சு மணி வண்டிய நிறுத்திடலாம்னு இருக்கேன். டீசலுக்கே கட்டல."

டீயைக் கீழே வைத்தேன். மகளின் முகம்தான் கண்முன் வந்தது. பயந்துபோய், அவரிடம் கெஞ்சாத குறையாக ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன்.

"வழி இருக்குது. உங்க குரூப்பெல்லாம் கலைச்சிட்டு எல்லாரையும் ஒண்ணா போட்டுடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

அன்றைக்கே கலைத்தேன். எல்லோரையும் பழையபடி ஒரே குரூப்பில் கொட்டினேன். உடனே ஓட்டுநரின் குரல் பதிவு ஒன்று வந்தது.

"எல்லாருக்கும் வணக்கங்க. இந்த குரூப்புல இனிமே வண்டி நேரம் மட்டுந்தான். சாமி இருக்குதா இல்லியா, யாரு விரதம் பெரிய விரதம், எல்லாத்தியும் அஞ்சு மணி வண்டியில வந்து பேசுங்க. எழுதி அனுப்பற வேலை வேணாம். நடு சீட்டு டாக்டரம்மாவுக்கு. அடிதடின்னா அவங்க பாத்துப்பாங்க."

என்னைக் கேட்காமலே என்னை நடுவராக்கிவிட்டார். ஆனால் மறுநாளே ஜீப்பில் கால் வைக்க இடமில்லை. வாத்தியார் பைக்கை மலையிலேயே விட்டுவிட்டு ஏறினார். எனக்கு ஒரு பக்கம், பேசுவதற்கென்றே கீழே வந்து கடைசி பஸ்ஸில் மலைக்குத் திரும்பும் முருக பக்தர், மறுபக்கம் பாய், எதிரே வாத்தியார், காலடியில் புளி மூட்டை. எழுத்தில் சிங்கமாக இருந்தவர்கள் நேரில் அவ்வளவு கர்ஜிக்கவில்லை. வளைவில் வண்டி சாயும்போது ஒருவர் மடியில் ஒருவர் விழ வேண்டியிருக்கிறதே. "கொஞ்சம் தள்ளி உக்காருங்க பாய்" என்று ஆரம்பித்து, "நீங்க சொல்றது தப்புண்ணே" என்று வளர்ந்து, அடிவாரத்தில் யார் டீக்குக் காசு கொடுப்பது என்ற தகராறில் முடியும். என் காதுதான் புண்ணானது. அதைப் பற்றி நான் புகார் செய்யவில்லை. தினமும் மகளோடு சாப்பிட்டேன்.

மாரி காலத்தில் ஒருநாள், உள்ளே தள்ளி இருக்கும் ஊரில் ஒரு பசு கன்று போட முடியாமல் தவித்தது. கன்றின் முன்னங்கால் உள்ளேயே மடங்கியிருந்தது. அங்கே சிக்னலும் இல்லை. தோள் வரை கையை விட்டுக் காலை நேராக்கிக் கன்றை வெளியே எடுத்தபோது ஐந்து மணி எப்போதோ தாண்டியிருந்தது. கன்று எழுந்து நின்றதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் தோன்றவில்லை. சேறும் ரத்தமுமாக ரோட்டுக்கு நடந்தேன். மகள் இந்நேரம் பக்கத்து வீட்டில் தட்டு வாங்கியிருப்பாள் என்று நினைத்ததும் அழுகை வந்தது.

ஜீப் நின்றுகொண்டிருந்தது. உள்ளே காரசாரமாகப் பேச்சு. ஓட்டுநர் மட்டும் வெளியே கடுகடுவென்று நின்றார்.

"இன்னா மேடம் இவ்ளோ நேரம்? நான் அப்பவே கெளம்பறேன்னுதான் சொன்னேன். சாவிய முருக பக்தரு புடுங்கி பாய் ஜேப்பில போட்டுட்டாரு. கேட்டா தர மாட்டேங்கறாரு."

"டாக்டரம்மா வராம வண்டி போவக்கூடாதுன்னு அண்ணன் சொன்னாரு" என்றார் பாய், சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டே. "இந்த ஒரு விசயத்துல அவரு சொன்னது சரிதாங்க."

"நானும் அதுக்குத்தான் ஓட்டுப் போட்டேன்" என்றார் வாத்தியார்.

நடு சீட் காலியாக இருந்தது. என் சேலையிலிருந்த சேறு இரண்டு பக்கமும் ஒட்டியது. யாரும் தள்ளி உட்காரவில்லை. நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிட்டார்கள்.

வீட்டுக்குப் போனபோது மகள் சாப்பிடாமல் வாசலில் நின்றிருந்தாள்.

"ஏம்மா லேட்டு? ஜீப்ல என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"சாமி இருக்கா இல்லையான்னு பேசிட்டிருந்தாங்க."

"இருக்காமா?"

"அது இன்னும் முடியலடி. ஆனா நான் வர்ற வரைக்கும் யாரும் வண்டிய எடுக்க வுடல."